ஸ்மார்ட் ஹோம்: முதல்முறையாக அமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டியவை, மாட்டும்போது முளைப்பவை, சில மாதம் கழித்துத் தலைகாட்டுபவை என்று எல்லா வகைக் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. பதில்கள் ஒரு பக்கம் சாய்ந்தவைதான் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். சாதனம் படுத்துவிட்டாலும் வீடு படுத்துவிடக் கூடாது என்பது என் கட்சி. இந்த விதிக்கு ஒத்துவராத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்மார்ட் ஹோம் என்பது போனில் லைட் போடுவதுதானா?

அதுவும் உண்டு. ஆனால் அது மட்டும்தான் என்றால் காசுக்குக் கேடு. போனை எடுத்து, லாக் திறந்து, ஆப்பைத் தேடி, அது இணைகிறவரை காத்திருந்து விளக்கைப் போடுவதற்குள் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம்.

இதில் மூன்று படிகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து இயக்குவது முதல் படி: வெளியூரில் இருந்துகொண்டே வாசல் விளக்கைப் போடுவது. நேரம் வைத்து இயக்குவது இரண்டாவது: பொழுது சாயும்போது எரிந்து, இரவு பதினொன்றுக்கு அணைவது. நிலைமையைப் பார்த்துத் தானே இயங்குவது மூன்றாவது: நள்ளிரவில் யாராவது கழிப்பறைப் பக்கம் நடந்தால் மங்கலாக எரிந்து, ஆள் போனதும் அணைவது. முதல் படியோடு நின்றுவிடுகிறவர்கள்தான் சில வாரங்களில் சலித்துப்போகிறார்கள். சுகமெல்லாம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. வீட்டு மின்கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பி விளக்குகளை இயக்கும் எக்ஸ்-10 முறை 1975-இலேயே ஸ்காட்லாந்தில் உருவானது. அன்றைக்கு மலிவான சென்சார் இல்லை, எல்லார் கையிலும் போன் இல்லை.

எதிலிருந்து தொடங்குவது?

எரிச்சலிலிருந்து. கடைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். படுத்த பிறகு "ஹால் லைட்டை அணைத்தோமா?" என்று எழுந்து போகிறீர்களா? கை நிறையப் பையோடு இருட்டில் சுவிட்சைத் தடவுகிறீர்களா? அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைத்துக் கவலைப்படுகிறீர்களா? எது அடிக்கடி வருகிறதோ அதற்கு மட்டும் ஒரு பொருள் வாங்குங்கள். அது சில வாரம் பிசகாமல் ஓடட்டும். பிறகு அடுத்தது.

எட்டு பல்ப், நான்கு ப்ளக், இரண்டு கேமரா என்று மொத்தமாக வாங்கி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டுவதுதான் மிக மோசமான தொடக்கம். ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் எதில் கோளாறு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பல்பா, ப்ளக்கா, சுவிட்சா? முதலில் எதை வாங்குவது?

மேசை விளக்கு, நிற்கும் விளக்கு, சாதாரண மின்விசிறி போன்றவற்றுக்கு ப்ளக், அதாவது சுவர்ச் சாக்கெட்டில் சொருகி, அதன்மேல் சாதனத்தைச் சொருகும் பொருள். இதுதான் ஆகச் சுலபம். சுவரைத் தொட வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோகலாம்.

பல்ப் நிறத்தையும் வெளிச்ச அளவையும் மாற்றும். ஆனால் அதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது: சுவரில் உள்ள பழைய சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது. ஆப்பில் "ஆஃப்லைன்" என்று காட்டும், குரலுக்கும் பதில் இருக்காது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் அந்தச் சுவிட்சைத் தொடாமல் பழக வேண்டும். நடக்காத காரியம். எல்லோரும் தொடும் ஹால் விளக்குக்கு பல்ப் சரிவராது. ஒருவர் மட்டும் புழங்கும் படுக்கை விளக்குக்குச் சரிவரும்.

ஹால் விளக்குக்குச் சரியான விடை ஸ்மார்ட் சுவிட்ச்தான். கையால் தட்டினாலும் எரியும், ஆப்பிலும் எரியும், விருந்தாளிக்கும் பாடம் நடத்த வேண்டாம். பழைய சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் சின்ன ரிலே மாட்யூலும் கிடைக்கிறது (ரிலே என்பது மின்சாரத்தைத் தானே இணைத்துத் துண்டிக்கும் உள் சுவிட்ச்). என்னைக் கேட்டால் அதுதான் இந்த மூன்றையும்விட நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகவே தெரியாது.

சுவிட்சை நானே மாற்றலாமா? நியூட்ரல் என்கிறார்களே, அது என்ன?

வயரிங் பழக்கம் இல்லாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

நியூட்ரல் விஷயம் இதுதான். ஃபேஸ் கம்பி வழியாக மின்சாரம் வரும், நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பிப் போகும். சாதாரண சுவிட்ச் ஃபேஸ் கம்பியை வெட்டி இணைக்கிறது, அவ்வளவே. அதனால் பல வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் ஃபேஸ் கம்பியும் விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருக்கும்; நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். ஸ்மார்ட் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து வைஃபை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குச் சுற்று முழுமையாக வேண்டும், அதாவது நியூட்ரலும் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகைகளும் உண்டு. அவை விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிட்டுப் பிழைக்கின்றன. குறைந்த வாட் எல்இடி பல்பு இருந்தால் அந்தக் கசிவிலேயே மினுக்கும், அல்லது அணைத்த பிறகும் மங்கலாக எரியும். அதைத் தடுக்க விளக்கோடு சேர்த்து மாட்டும் சிறு கெபாசிட்டரைச் சிலர் உடன் தருகிறார்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. திறப்பதற்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

ஸ்மார்ட் ப்ளக்கில் எதை வேண்டுமானாலும் சொருகலாமா?

கூடாது. ப்ளக்கின் முதுகில் ஆம்பியர் அளவு போட்டிருக்கும். அதை உங்கள் வீட்டு வோல்டேஜால் பெருக்கினால் அதிகபட்ச வாட் கிடைக்கும். 10 ஆம்பியர் ப்ளக் 230 வோல்ட்டில் 2300 வாட், 120 வோல்ட்டில் 1200 வாட். அந்த எல்லையை ஒட்டியபடி மணிக்கணக்கில் ஓடும் ரூம் ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை அதில் மாட்டாதீர்கள். மோட்டார் உள்ளவற்றில் இன்னொரு தொல்லை: இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ப்ளக்குக்குள் இருக்கும் ரிலே அதைத் திரும்பத் திரும்பத் தாங்கினால் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆப்பில் "ஆஃப்" என்று காட்டினாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஃப்ரிட்ஜ், மருத்துவக் கருவி, மீன்தொட்டிப் பம்ப் போன்று தவறி அணைந்தால் நஷ்டம் வரக்கூடிய எதையும் சொருக வேண்டாம். ஆளில்லாதபோது தானாக எரிந்துவிடக்கூடிய அயர்ன் பாக்ஸ், அடுப்பு வகைகளை அதன் வழியாகப் போடுவதும் வேண்டாம். இவற்றுக்குப் பயன் தருவது தொலைவிலிருந்து போடுவதல்ல, மறதியில் விட்டதை அணைப்பதுதான். அதற்கும் ஆம்பியர் கணக்கு ஒத்துவர வேண்டும்.

இன்னொன்று. ஸ்மார்ட் ப்ளக் மின்சாரத்தைத் தருவதும் நிறுத்துவதும் மட்டுமே செய்யும். உள்ளே மாட்டும் சாதனம் குமிழ் திருகும் வகையாக இருந்தால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். தொட்டு அழுத்தும் எலெக்ட்ரானிக் பொத்தான் வகையாக இருந்தால், மின்சாரம் வந்தும் சும்மா நிற்கும். வாங்குவதற்கு முன் சோதிப்பது எளிது: சாதனத்தை ஓடவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள். தானே ஓடினால் ப்ளக் சரிப்படும்.

வைஃபை, ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட்... இத்தனை எதற்கு? ஹப் வாங்கியே ஆக வேண்டுமா?

ஹப் என்பது சாதனங்களை ஒன்றாக இணைத்து நடத்தும் நடுப்பெட்டி. இரண்டு மூன்று ப்ளக், ஒரு பல்ப் என்றால் அது வேண்டாம். வைஃபை சாதனங்கள் நேராக ரூட்டரோடு பேசும். எண்ணிக்கை ஏற ஏறத்தான் சிக்கல் வரும். நிறைய சாதனங்கள் ஒரே நேரத்தில் இணைந்தால் சாதாரண வீட்டு ரூட்டர்கள் திணறும். வீடியோ நிற்கும், பல்ப் தொடர்பு அறும். தவிர, வைஃபை மின்சாரம் அதிகம் தின்னும். நாணய அளவு பேட்டரியில் ஓட வேண்டிய கதவு சென்சாருக்கு அது ஒத்துவராது.

ஜிக்பீயும் த்ரெட்டும் அதற்காகவே உள்ளவை. இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மிகக் குறைந்த மின்சாரத்தில் சின்னச் சின்னச் செய்திகளை அனுப்புகின்றன. வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, மின்சாரத்தில் நேரடியாக இணைந்திருக்கும் ப்ளக்கும் பல்பும் அடுத்தடுத்துச் செய்தியைக் கடத்திவிடும். அதனால் வீட்டுக் கோடியில் இருக்கும் சென்சாருக்கும் சிக்னல் எட்டும். பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. தூங்கி எழுந்து தம் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். ஆகவே தொலைவில் சென்சார் வைப்பதற்கு முன் நடுவழியில் ஒரு ப்ளக் இருக்கட்டும். ஜிக்பீக்கு ஹப் வேண்டும். த்ரெட்டுக்கு "பார்டர் ரூட்டர்" வேண்டும், அதாவது த்ரெட் சாதனங்களை வீட்டு வலையோடு இணைக்கும் பெட்டி. சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலேயே இவை உள்ளடங்கி வருகின்றன, பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

இசட்-வேவ் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுவதால் சுவரை நன்றாகத் துளைக்கும், வைஃபையோடு முட்டாது. ஆனால் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908, இந்தியாவில் 865. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து தரும் இசட்-வேவ் பொருள் உங்கள் ஹப்போடு பேசாமல் போகலாம்.

என் பரிந்துரை: ப்ளக் வைஃபையில் இருக்கட்டும், சென்சார் என்று இறங்கினால் ஜிக்பீ அல்லது த்ரெட் பக்கம் போங்கள்.

மேட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

ஆப்பிள், அமேசான், கூகுள், சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொதுத் தரம் அது. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. முன்பு ஒரு பல்ப் வாங்கினால் அது எந்த ஆப்போடு ஒத்துப்போகும் என்று தனித்தனியே பார்க்க வேண்டும். மேட்டர் முத்திரை இருந்தால் அதன் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எந்தப் பெரிய ஆப்பிலும் சேர்க்கலாம். ஒரே பல்பை இரண்டு ஆப்களிலும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே நேரடியாகப் பேசும்படி வடிவமைத்திருப்பதால் இன்டர்நெட் இல்லாதபோதும் கட்டளை போய்ச்சேர வழி இருக்கிறது.

மேட்டர் என்பது மொழி, வைஃபையும் த்ரெட்டும் அது போகும் பாதை. பெட்டியில் "த்ரெட் வழி மேட்டர்" என்றிருந்தால் பார்டர் ரூட்டர் இல்லாமல் வேலைக்காகாது. தயாரிப்பாளர் தரும் சில சிறப்பு வசதிகள் அவர்களது சொந்த ஆப்பில் மட்டுமே வரும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

க்யூஆர் கோடு ஒட்டிய தாளைத் தூக்கி எறியாதீர்கள். சுவிட்சைச் சுவரில் மாட்டிய பிறகு பின்பக்கத்தில் உள்ள கோடைப் பார்க்க மறுபடி கழற்ற வேண்டிவரும். மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

அலெக்ஸாவா, கூகுளா, ஆப்பிளா?

வீட்டில் ஏற்கெனவே என்ன போன்கள் இருக்கின்றனவோ அதைப் பொறுத்தது. எல்லோரிடமும் ஐபோன் என்றால் ஆப்பிள் ஹோம் சுமுகமாக ஓடும். ஒரே ஒரு ஆண்ட்ராய்டு இருந்தாலும் அந்த ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். கலவையான வீட்டுக்கு மற்ற இரண்டில் ஒன்று. எதை எடுத்தாலும் ஒன்றோடு நில்லுங்கள். மூன்று ஆப்பிலும் மூன்று விதமாக விதி எழுதிவைத்தால், நடுராத்திரி விளக்கு ஏன் எரிந்தது என்று துப்புத் துலக்க வேண்டிவரும்.

புதுச் சாதனம் இணையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் காரணம் 2.4 கிகாஹெர்ட்ஸ். விலை குறைந்த ப்ளக்கும் பல்பும் அந்த அலையை மட்டுமே கேட்கும். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சிலவற்றில் இணைப்பு முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4 பக்கம் மாற்றி முயலுங்கள். ரூட்டர் அமைப்பைத் தொட விருப்பமில்லையென்றால் வீட்டை விட்டுச் சற்றுத் தள்ளிப்போய் நின்றாலே போன் 2.4-க்கு இறங்கிவிடும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. கொஞ்சம் கோமாளித்தனமாக இருந்தாலும் பலிக்கும்.

அது இல்லையென்றால், ரூட்டரின் பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ-3 மட்டும் என்று வைத்திருக்கிறதா பாருங்கள். பழைய சாதனங்களுக்கு டபிள்யூபிஏ-2 தேவைப்படும். போனில் விபிஎன் ஓடினால் அணையுங்கள். ஆப்புக்கு இருப்பிட அனுமதியும் புளூடூத் அனுமதியும் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கடைசியாக, பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து ரீசெட்.

இன்டர்நெட் போனால்? தயாரித்த கம்பெனியே மூடிவிட்டால்?

முதல் கேள்விக்கு நீங்களே பரிசோதனை செய்யலாம். ரூட்டருக்கு வரும் வெளி இணைப்புக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, வீட்டில் எது எது இன்னும் வேலை செய்கிறது என்று பாருங்கள். கட்டளை தொலைதூர சர்வருக்குப் போய்த் திரும்பும் சாதனங்கள் எல்லாம் ஊமையாகும். வீட்டுக்குள்ளேயே முடிவெடுப்பவை வழக்கம்போல ஓடும். இந்த ஒரு சோதனை சொல்வதை எந்த விமர்சனப் பக்கமும் சொல்லாது.

இரண்டாவது கேள்வி வெறும் பயம் அல்ல, நடந்த கதை. ரிவால்வ் என்ற ஹப்பைத் தயாரித்த நிறுவனத்தை கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட, நன்றாக இருந்த ஹப்கள் வெறும் டப்பாக்கள் ஆயின. ஸ்மார்ட் சுவிட்சும் ஹப்பும் தயாரித்த இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பயனர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி மறுபடி உயிர்கொடுத்தது தனி அதிர்ஷ்டம். அப்போதும்கூட இன்ஸ்டியான் சுவர் சுவிட்சைக் கையால் தட்டியவர்களுக்கு விளக்கு எரிந்தது. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சர்வர் செத்தால் இந்தப் பொருள் என்னவாக மிஞ்சும்? ஸ்மார்ட் சுவிட்ச் சுவிட்சாக மிஞ்சும். சர்வர் மட்டுமே நம்பிய ஹப் எதுவாகவும் மிஞ்சாது.

மின்சாரம் போய்த் திரும்பினால் நள்ளிரவில் எல்லா விளக்கும் எரிகிறதே!

பல ஸ்மார்ட் பல்புகள் மின்சாரம் வந்தவுடன் முழு வெளிச்சத்தில் எரியும்படி வருகின்றன. சுவர் சுவிட்சால் பயன்படுத்துபவருக்கும் விளக்கு கிடைக்கட்டும் என்பதற்காக. ஆப்பில் "பவர்-ஆன்" என்று தொடங்கும் ஓர் அமைப்பு இருக்கும்; "முந்தைய நிலை" என்று மாற்றிவிடுங்கள். ப்ளக்குக்கும் இதே. ரூட்டரையும் ஹப்பையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் வைத்தால், மின்சாரம் வந்த பிறகு எல்லாம் தட்டுத்தடுமாறி இணையும் கூத்தும் குறையும்.

ஆட்டோமேஷன் எதில் தொடங்கலாம்?

பொழுதோடு ஒட்டியது முதலில். "மாலை 6 மணிக்கு" என்று வைக்காமல் "சூரியன் மறையும்போது" என்று வையுங்கள். உங்கள் இருப்பிடத்தை வைத்து ஆப் நாள்தோறும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டாவது, "எல்லாம் அணை": படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி பொத்தான், ஒரே அழுத்து. மூன்றாவது, நடைபாதையில் அசைவு சென்சார்.

இந்த அசைவு சென்சாரிடம் பலர் அதிகம் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். பிஐஆர் வகை சென்சார் பார்ப்பது ஆளை அல்ல. உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர் தன் பார்வையில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதை. சென்சாரின் குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும். அதை நோக்கி நேராக வந்தால் தாமதிக்கும். அசையாமல் உட்கார்ந்தால் அதன் கணக்கில் நீங்கள் இல்லவே இல்லை. கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது விளக்கு அணைந்து கையை வீசிக்கொண்டிருப்பது இதனால்தான். நடந்து கடக்கும் இடத்துக்கு பிஐஆர். உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு மில்லிமீட்டர் அலை ரேடார் வகை. அது மூச்சு விடும் அளவு அசைவைக்கூட உணரும். ஆனால் ஓடும் மின்விசிறியையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைக்கும், மின்சாரமும் அதிகம் கேட்கும்.

சென்சார் வைக்கும்போது ஜன்னல் வெயில், ஹீட்டர், ஏசி காற்று நேராகப் படாமல் பாருங்கள். விதி எழுதும்போது, போடுவதற்கு ஒரு நிபந்தனை எழுதினால் அணைப்பதற்கும் ஒன்று எழுதுங்கள். பாதி ஆட்டோமேஷன் முழு எரிச்சல்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று நீர்க்கசிவு சென்சார். வாஷிங் மெஷினுக்கு அடியில், சிங்குக்குக் கீழே வைத்தால் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். கூவும் அன்று தரையைக் காப்பாற்றும்.

வீட்டில் மற்றவர்கள் இதை வெறுக்கிறார்கள். என்ன செய்ய?

அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும். அம்மாவோ குழந்தையோ விளக்குப் போட உங்கள் போன் வேண்டும் என்றால் அது அமைப்பின் குற்றம். பழைய இடத்தில் பழைய மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கட்டும். குரலுக்கு வைக்கும் பெயர்கள் சின்னதாக, ஒன்றோடொன்று குழம்பாததாக இருக்கட்டும். "ஹால் லைட் ஒன்று, ஹால் லைட் இரண்டு, ஹால் லேம்ப்" என்று வைத்தால் ஸ்பீக்கரும் திணறும், மனிதரும் திணறுவர். ஆப்பில் அவர்களுக்கும் தனிக் கணக்கு கொடுங்கள், உங்கள் பாஸ்வேர்டை அல்ல.

யாராவது ஹேக் செய்துவிட முடியுமா?

முடியும். பெரும்பாலும் சினிமாவில் வருவதுபோல உங்களைக் குறிவைத்து அல்ல. திறந்து கிடக்கும் கதவுகளைத் தேடி இயந்திரங்கள் ஓயாமல் தட்டிப் பார்ப்பதால். 2016-இல் பரவிய மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது. அவற்றை ஏவிவிட்டு அந்த அக்டோபர் 21-ஆம் தேதி இணையதளங்களின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தை முடக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்குத் தம் வீட்டிலிருந்து தாக்குதல் போனதே தெரிந்திருக்காது. எல்லாச் சாதனத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ரூட்டரின் நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆப் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். ஸ்மார்ட் சாதனங்களை ரூட்டரில் விருந்தாளிகளுக்கென்று உள்ள "கெஸ்ட்" வைஃபையில் தள்ளி வையுங்கள். கணினியும் வங்கி ஆப் உள்ள போனும் முதன்மை வைஃபையில் இருக்கட்டும். (சில சாதனங்களை இயக்க, போனும் அதே வலையில் இருக்க வேண்டியிருக்கும், அமைத்துவிட்டுச் சோதியுங்கள்.) அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பெயர் தெரியாத, அப்டேட்டே வராத மலிவுக் கேமராவைவிடக் கேமரா இல்லாதது மேல்.

கேமரா எங்கே வைக்கலாம்?

வாசலைப் பார்த்து. படுக்கையறை, குளியலறை கூடவே கூடாது; கூடத்திலும் அவசியமில்லை என்பேன். ஊரிலிருந்து வந்து தங்குபவர்களுக்குக் கேமரா இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் காட்சியில் விழாதபடி திருப்பி வையுங்கள். மெமரி கார்டில் பதிவாகும் வகையா, மாதச் சந்தா கட்டினால்தான் பழைய பதிவைப் பார்க்க முடியுமா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். கார்டில் மட்டும் பதிவு என்றால், கேமராவையே கழற்றிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் சேர்த்து எடுத்துப்போவான் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்பீக்கர் எப்போதும் ஒட்டுக்கேட்கிறதா?

மைக் எப்போதும் திறந்தே இருக்கும், அழைப்புச் சொல்லைப் பிடிப்பதற்காக. அந்தச் சொல்லைச் சாதனமே அடையாளம் காண்கிறது. அதன்பின் பேசுவது சர்வருக்குப் போகிறது. ஒலி ஒத்த வேறு சொல்லைக் கேட்டுத் தவறாக விழித்துக்கொள்வதும் நடக்கும். ஆப்பில் உங்கள் பழைய பதிவுகளைக் கேட்டு அழிக்கலாம். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் மைக்கை அணைக்கும் பொத்தான் உண்டு. உறுத்தினால் ஸ்பீக்கரே வேண்டாம். பொத்தானும் சென்சாரும் வைத்து முழு வீட்டையும் நடத்தலாம்.

ஸ்மார்ட் பூட்டு போடலாமா?

முதல் வருடம் வேண்டாம். அமைப்பு உங்களுக்குப் பழகிய பிறகு யோசியுங்கள். அப்போதும் சாவித் துவாரம் உள்ளதையே வாங்கி, ஒரு சாவியை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

மின்கட்டணம் குறையுமா?

விளக்கில் ஏறக்குறைய இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 9 வாட் ஸ்மார்ட் பல்ப், அணைந்திருக்கும்போதும் அரை வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் வெளிச்சத்துக்கு 9 வாட்-மணி. மீதி 23 மணி நேரம் காத்திருந்ததற்கு 11.5 வாட்-மணி. எரிந்ததைவிடச் சும்மா இருந்ததற்கு அதிகம்! ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். ஆகவே ஸ்டோர் ரூமுக்கெல்லாம் ஸ்மார்ட் பல்ப் போடாதீர்கள்.

மிச்சம் வருவது வெப்பமும் குளிரும் சம்பந்தப்பட்ட சாதனங்களில்: ஏசி, ஹீட்டர். ஆளில்லாத அறையில் ஓடும் ஏசியை ஒரு விதி அணைத்தால் பல நூறு வாட் மிச்சம். மின்சாரம் அளக்கும் ப்ளக் ஒன்றை வாங்கி, ஆம்பியர் அளவுக்குள் வரும் சாதனங்களில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எது தின்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

பழைய டிவி, ஏசியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அகச்சிவப்பு ரிமோட்டில் இயங்கும் எதற்கும் ஐஆர் பிளாஸ்டர் என்ற சின்ன உருண்டை போதும். ரிமோட்டின் அகச்சிவப்புச் சிக்னலை அதுவே அனுப்பும். நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும், சுவரைத் தாண்டாது. சாதனம் உண்மையில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது, அனுப்பியதோடு சரி.

வாடகை வீட்டில் இருக்கிறேன்.

ப்ளக், பல்ப், ஒட்டும் சென்சார், பேட்டரி பொத்தான். சுவர் சுவிட்சை மாற்றினால் பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

ஹோம் அசிஸ்டன்ட் என்கிறார்களே, இப்போதே போடலாமா?

2013-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியிலேயே ஓடும், வெவ்வேறு கம்பெனிப் பொருள்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே இயக்கும். அருமையான பொருள்தான். ஆனால் அது ஒரு பொழுதுபோக்கு. பராமரிப்பு உங்கள் தலையில். போன் ஆப்பில் எழுத முடியாத விதி ஒன்று உங்களுக்குத் தேவைப்படும் நாள் வந்தால் அப்போது பாருங்கள். நிறையப் பேருக்கு அந்த நாள் வருவதே இல்லை.

ரூட்டரை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டுமா?

புது ரூட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே வைத்தால் போதும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் ஒத்திருக்க வேண்டும். பாதுகாப்பு வகையும் அதேதான் என்று பாருங்கள். சாதனங்கள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய சாதனத்தை விற்கும்போது, யாருக்காவது கொடுக்கும்போது?

முதலில் ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். பிறகு சாதனத்தை ரீசெட் செய்யுங்கள். ரீசெட் மட்டும் செய்தால் சிலவற்றில் பழைய கணக்கோடு உள்ள கட்டு அறாது, வாங்கியவரால் சேர்க்க முடியாது. கேமரா என்றால் மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால், காசு கொடுப்பதற்கு முன் விற்பவர் முன்னாலேயே உங்கள் ஆப்பில் சேர்த்துப் பாருங்கள்.